வேஸ: மேற்கு ஃப்ரிசிய மொழியின் ‘இரு’ என்ற வினைச்சொல்லுக்கு முழுமையான வழிகாட்டி

பின், பிஸ்ட், இஸ், பின்ன, வீய, வெஸ்ட். இவை ஆறும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்பச் சற்றுக் கடினம்தான், முகஜாடையே ஒத்துப்போகவில்லை. தாய்ச்சொல்லின் பெயர் வேஸ. பொருள், நம் ‘இரு’. மேற்கு ஃப்ரிசிய மொழியில் வாயைத் திறந்தால் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த வினை வந்துவிடும்.

நெதர்லாந்தின் வடக்கே இருக்கும் ஃப்ரீஸ்லாந்து மாநிலம்தான் இந்த மொழியின் வீடு. அதன் தலைநகரை டச்சுக்காரர்கள் லேவார்டன் என்பார்கள், ஃப்ரிசியர்கள் லியோவட் என்பார்கள். பேசுபவர்கள் நாலரை லட்சம் பேர் அளவில். ஐரோப்பியக் கண்டத்தில் ஆங்கிலத்துக்கு மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால் மொழியியலாளர்கள் இந்தக் குடும்பத்தைத்தான் காட்டுவார்கள். இதன் உடன்பிறப்புகள் இரண்டு ஜெர்மனியில் இருக்கின்றன: வடக்கு ஃப்ரிசியமும் சாட்டர்லாந்து ஃப்ரிசியமும். இனி நான் ஃப்ரிசியம் என்று சொல்வதெல்லாம் நெதர்லாந்தின் மேற்கு ஃப்ரிசியத்தைத்தான்.

பலரும் இந்த வினையைப் பெருக்கல் வாய்ப்பாடு போல ஒப்பிக்கப் பார்க்கிறார்கள். இரண்டு நாளில் மறந்துவிடும். இது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்கவே மறக்காது. அதனால் ஒலிக்கு அடுத்தபடியாகப் பிறப்பைச் சொல்லிவிட்டுத்தான் வடிவங்களுக்கு வருவேன்.

முதல் படி: காதைப் பழக்குவது

ஃப்ரிசியர்கள் ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். வேஸ என்பதை டபிள்யூ, ஈ, இஸட், ஈ என்ற நான்கு எழுத்துகளால் எழுதுவார்கள். நடுவில் உள்ள ஈ எழுத்தின் தலையில் ஒரு சிறு கூரைக் குறி இருக்கும். அந்தக் கூரைக்கு ‘இங்கே நீட்டு’ என்று பொருள். கடைசி எழுத்து முழு அகரமும் இல்லை, எகரமும் இல்லை. வாயை அதிகம் திறக்காமல் மூச்சு விடுவது போல வரும் மெல்லிய ஒலி. இந்தக் கட்டுரையில் சொல்லின் இறுதியில் அகரம் வந்தால் அந்த மெல்லிய ஒலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தில் பகரமும் டகரமும் இரண்டு வேலை பார்க்கின்றன. பின், பிஸ்ட், பின்ன இவற்றின் முதலெழுத்து ‘பந்து’வில் வரும் ப அல்ல, ‘பஸ்’ஸில் வரும் ப. டகரத்துக்கு ‘டாக்டர்’ என்ற ஒரு சொல்லே போதும். அதன் முதல் ட அதிர்ந்து வருகிறது, இரண்டாவது ட அதிராமல் வருகிறது. நீ என்று பொருள்படும் ‘டோ’வுக்கு முதல் ட, வெஸ்ட் என்பதன் இறுதிக்கு இரண்டாவது ட. நாக்கை மட்டும் நம் டகரத்துக்குப் போல மடிக்க வேண்டாம், மேல்வரிசைப் பல்லின் பின்புறம் தொட்டால் போதும்.

ஸகரம் சொல்லின் முதலிலும் கடைசியிலும் வந்தால் அதிராது. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் ஒற்றையாக வந்தால் தேனீ ரீங்காரம் போல அதிரும். வேஸ என்பதில் அதிரும், ‘இரு’ என்று ஏவும் வேஸ் என்பதில் அதிராது. நமக்கு இது புதிய பழக்கமே இல்லை. ‘கடல்’ என்பதில் முதல் ககரம் அதிர்வதில்லை, ‘அகல்’ என்பதில் நடுவில் வரும்போது இளகிவிடுகிறது. இடத்தைப் பார்த்து ஒலியை மாற்றும் வேலையை நம் வாய் தினமும் செய்கிறது.

இரண்டாம் படி: மூன்று வேர்கள்

இங்கே கொஞ்சம் நின்று போவோம், இந்த வினையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஃப்ரிசியம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் மூலமொழியில் மூன்று தனித்தனி வினைகள் இருந்தன. ஒன்று, வெறுமனே ‘இருத்தல்’. இரண்டாவது, ‘ஆகுதல், வளர்தல்’. மூன்றாவது, ‘தங்குதல், இராப்பொழுதைக் கழித்தல்’. ஜெர்மானியக் கிளையில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து ஒரே வினையாகிவிட்டன. ஒரு வேர் ஒரு வடிவத்தைக் கொடுத்தது, இன்னொரு வேர் இன்னொன்றைக் கொடுத்தது. ஆறு பிள்ளைகளின் முகஜாடை ஒத்துப்போகாததன் காரணம் இதுதான்.

மூன்று வேர்களும் சமஸ்கிருதத்திலும் உண்டு. அங்கிருந்து தமிழுக்கு வந்த சொற்களில் இன்றும் அவை நம் நாவில் புழங்குகின்றன. அதனால் ஃப்ரிசியம் படிக்கும் தமிழருக்கு இந்தக் கதை பாதி தெரிந்த கதை.

முதல் வேர் சமஸ்கிருதத்தில் ‘அஸ்’. ‘அஸ்தி’ என்றால் இருக்கிறது. ‘ந அஸ்தி’ என்றால் இல்லை. கடவுள் இருக்கிறார் என்பவர் ஆத்திகர், இல்லை என்பவர் நாத்திகர் என்கிறோமே, அந்த இரண்டு சொல்லுக்குள்ளும் இருப்பது இந்த அஸ்தி. ஃப்ரிசியத்தின் ‘இஸ்’ இதன் நேர் உறவு. ஆங்கிலத்தின் இஸ், ஜெர்மனின் இஸ்ட், லத்தீனின் எஸ்ட் எல்லாமே இதே வீட்டுப் பிள்ளைகள்.

இரண்டாவது வேர் சமஸ்கிருதத்தில் ‘பூ’. ‘பவதி’ என்றால் ஆகிறது. பூமி, பூதம் எல்லாம் இந்த வேரில் முளைத்தவை. பின், பிஸ்ட், பின்ன மூன்றின் முதலெழுத்தும் இங்கிருந்து வந்தது. ‘பின்’னில் ஒரு சுவையான கலப்பும் இருக்கிறது. பழைய ஃப்ரிசியத்தில் இது ‘பிம்’ என்றும் இருந்தது. முதலில் வரும் ப இரண்டாவது வேரின் சொத்து, கடைசியில் வந்த மகரம் முதல் வேரின் சொத்து. ‘அஹம் பிரம்மாஸ்மி’ என்ற வாக்கியத்தின் இறுதியில் வரும் ‘அஸ்மி’க்கு ‘இருக்கிறேன்’ என்று பொருள். அதில் உள்ள ‘மி’தான் பிம் என்பதன் மகரம். ஆங்கிலத்தின் ‘ஆம்’ என்பதில் மகரம் இன்றும் மகரமாகவே நிற்கிறது, ஃப்ரிசியத்திலும் ஜெர்மனிலும் காலப்போக்கில் னகரமாகிவிட்டது.

மூன்றாவது வேர் ‘வஸ்’. வாசம், வசிப்பிடம், வாசஸ்தலம் என்று நாம் சொல்வதெல்லாம் இதிலிருந்து வந்தவை. வேஸ என்ற தாய்ச்சொல், இறந்தகால வீய, எச்சமாகிய வெஸ்ட், ஏவலாகிய வேஸ் நான்கும் இந்த வேரின் பிள்ளைகள். ‘தங்கு’ என்று பொருள்பட்ட சொல் தேய்ந்து தேய்ந்து ‘இரு’ என்று நிற்கிறது.

இது நடக்கிற காரியமா என்று யாராவது கேட்டால் தமிழையே காட்டலாம். நம் ‘இரு’வுக்கும் உட்காருதல், தங்குதல் என்ற பொருள்கள் உண்டு. ‘இருக்கை’ என்றால் உட்காரும் இடம். ‘குடியிருப்பு’ என்றால் தங்கும் இடம். ‘எங்கே குடியிருக்கீங்க?’ என்று கேட்கும்போது அந்தப் பொருள் இன்றும் உயிரோடு வெளியே வருகிறது. தமிழுக்கும் ஃப்ரிசியத்துக்கும் குடும்ப உறவு கிடையாது. ஆனாலும் ஓரிடத்தில் தங்குவதைச் சொல்லும் சொல்லை எடுத்து, இருப்பதைச் சொல்ல இரண்டு மொழிகளும் பயன்படுத்தின. இதை முதலில் கவனித்த நாளிலிருந்து வேஸ எனக்கு அந்நியச் சொல்லாகப் படவில்லை.

பழைய ஃப்ரிசியம் நமக்குப் பெரும்பாலும் சட்டச் சுவடிகள் வழியாகத்தான் கிடைத்திருக்கிறது. அந்தச் சுவடிகளில் நாம், நீங்கள், அவர்கள் ஆகிய பன்மைக்கு ‘ஸெண்ட்’ என்ற வடிவம் இருந்தது, அது முதல் வேரின் பிள்ளை. ஜெர்மனில் ‘ஸிண்ட்’ என்றும், சாட்டர்லாந்து ஃப்ரிசியத்தில் ‘ஸுண்ட்’ என்றும் அது இன்றும் இருக்கிறது. மேற்கு ஃப்ரிசியம் மட்டும் அதைக் கைவிட்டு, ‘பின்’னையே நீட்டிப் ‘பின்ன’ என்று பன்மைக்கு வைத்துக்கொண்டது. அதனால் முதல் வேருக்கு இன்று மேற்கு ஃப்ரிசியத்தில் ‘இஸ்’ என்ற ஒரே வாரிசுதான் மிச்சம்.

மூன்றாம் படி: நிகழ்காலம்

இனி வடிவங்கள். முதலில் பெயர், பிறகு வினை:

நான் இருக்கிறேன்: இக் பின்
நீ இருக்கிறாய்: டோ பிஸ்ட்
நீங்கள் (ஒருவரை மரியாதையாக): யோ பின்ன
அவன் இருக்கிறான்: ஹெய் இஸ்
அவள் இருக்கிறாள்: ஸெய் இஸ்
அது இருக்கிறது: அட் இஸ்
நாம் அல்லது நாங்கள்: வெய் பின்ன
நீங்கள் (பலரை): யிம்ம பின்ன
அவர்கள்: ஸெய் பின்ன

டோ என்பதைச் சில ஊர்களில் டூ என்பார்கள், இரண்டும் சரி. அவளுக்கும் அவர்களுக்கும் ஒரே ஸெய்தான், வினையைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். இஸ் என்று வந்தால் அவள், பின்ன என்று வந்தால் அவர்கள். நாம், நாங்கள் என்று நமக்குள்ள வேறுபாடு அங்கே இல்லை.

தமிழர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘அவர் ஆசிரியர்’ என்று நாம் வினையே இல்லாமல் வாக்கியத்தை முடித்துவிடுவோம். ஃப்ரிசியத்தில் அது நடக்காது, ‘இஸ்’ வந்தே ஆக வேண்டும். பெயரோ பண்போ இடமோ எதைச் சொன்னாலும் நடுவில் இந்த வினை வேண்டும். ‘நான் ஃப்ரிசியன்’ என்பதை ‘இக் பின் இன் ஃப்ரீயஸ்’ என்றுதான் சொல்ல முடியும். ‘நேரமாகிவிட்டது’ என்பதற்கு ‘அட் இஸ் லெட்’. எது நேரமானது என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் எழுவாய் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக ‘அட்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மறுப்பதற்கு ‘இல்லை’ போலத் தனி வினை கிடையாது. வினையை அப்படியே வைத்துப் பின்னால் ‘நெட்’ சேர்த்தால் போதும். ‘ஹெய் இஸ் நெட் ட்யூஸ்’ என்றால் அவன் வீட்டில் இல்லை. ட்யூஸ் என்பது வீட்டில் என்று பொருள்படும் ஒற்றைச் சொல். உதட்டை ஊகாரத்துக்குக் குவித்து வைத்துக்கொண்டு ஈகாரம் சொன்னால் அதன் உயிரொலி வரும்.

‘இஸ்’ஸுக்கு ஃப்ரிசியர்களின் நெஞ்சில் தனி இடம் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட கிரூட்ட பியர் என்ற போராளியைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்வார்கள். எதிரில் வருபவன் ஃப்ரிசியனா, வேற்றாளா என்று சோதிக்க ‘வெண்ணெய், ரொட்டி, பச்சைப் பாலாடைக்கட்டி’ என்று பொருள்படும் ஒரு தொடரைச் சொல்லச் சொல்வாராம். சொல்லத் தெரியாதவன் ‘இஸ் கியின் ஒப்ரியொஹ்ட ஃப்ரீயஸ்’, அதாவது உண்மையான ஃப்ரிசியன் இல்லை. வாய்மொழிக் கதைதான். ஆனால் இன்றும் அங்கே குழந்தைகளுக்குக்கூட இந்தத் தொடர் தெரியும்.

நான்காம் படி: பிஸ்ட், பிஸ்டோ, காணாமல் போகும் டோ

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

‘பிஸ்ட்’டின் இறுதியில் உள்ள டகரம் ஆதியில் கிடையாது. வினை ‘பிஸ்’ என்று முடிய, அதை அடுத்து முன்னிலைப் பெயர் வந்து ஒட்டியபோது பெயரின் முதலொலி வினையின் வாலில் தங்கிவிட்டது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ‘தத்துவமஸி’ என்பதன் கடைசியில் ‘அஸி’ என்று ஒன்று வருகிறதே, ‘நீ இருக்கிறாய்’ என்று பொருள்படும் வடிவம், அதில் டகரம் எதுவும் இல்லை பாருங்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், அதே ஒட்டு வேலை இன்றும் நடக்கிறது. கேள்வி கேட்கும்போது வினை முன்னால் போய், பெயர் பின்னால் வரும். ‘பிஸ்ட் டோ’ என்று இரண்டாக வர வேண்டியது ‘பிஸ்டோ’ என்று ஒன்றாகிவிடுகிறது. எழுத்திலும் ஒன்றாகத்தான் எழுதுவார்கள். ‘பிஸ்டோ ஸீக்?’ என்றால் ‘உனக்கு உடம்பு சரியில்லையா?’ ஸீக் என்றால் நோயுற்ற நிலை. நம் பேச்சில் ஆங்கிலத்திலிருந்து வந்து ‘சீக்கு’ ஆன சொல்லின் ஃப்ரிசிய உறவு அது.

இன்னும் ஒரு படி மேலே போய், ‘டோ’வை முழுக்க விட்டுவிட்டு ‘பிஸ்ட் ஸீக்?’ என்றும் கேட்கலாம். ஃப்ரிசியத்தில் மற்ற எந்தப் பெயரையும் இப்படி விட முடியாது. ‘இக்’கை விட்டால் வாக்கியம் உடைந்துவிடும், ‘ஹெய்’யை விட்டாலும் அப்படித்தான். ‘டோ’வுக்கு மட்டும் இந்தச் சலுகை, ஏனென்றால் ‘ஸ்ட்’ என்ற விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ‘வந்தாய்’ என்று சொன்னால் ‘நீ’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லாததற்கு என்ன காரணமோ, அதே காரணம். நமக்கு எல்லா இடத்திலும் உள்ள வசதி, அவர்களுக்கு முன்னிலை ஒருமையில் மட்டும்.

விகுதி வினையோடு நின்றுவிடுவதில்லை, இணைப்புச் சொல்லிலும் ஏறுகிறது. ‘டொட்’ என்பது நம் ‘என்று’ போல ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு கோக்கும் சொல். ‘நீ’யைப் பற்றிச் சொல்லும்போது அது ‘டொட்ஸ்ட்’ ஆகிவிடும்:

இக் விட் டொட்ஸ்ட் ஸீக் பிஸ்ட்.
உனக்கு உடம்பு சரியில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த வாக்கியத்தில் ‘டோ’ எங்கும் இல்லை. ஆனால் ‘ஸ்ட்’ இரண்டு இடத்தில் நிற்கிறது, இணைப்புச் சொல்லின் வாலிலும் வினையின் வாலிலும். ‘ஆல்’ என்ற நம் நிபந்தனை விகுதியின் வேலையைச் செய்யும் ‘அஸ்’ என்ற சொல்லும் இப்படியே ‘அஸ்ட்’ ஆகும். இரண்டையும் பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் உங்கள் ஃப்ரிசியம் டச்சு வாடை இல்லாமல் ஒலிக்கும். டச்சில் இப்படி ஒன்று கிடையாது.

ஹெய் என்பதும் வினைக்குப் பின்னால் வந்தால் இளைத்து ‘எர்’ ஆகும். ‘இஸ் எர் ட்யூஸ்?’ என்றால் ‘அவன் வீட்டில் இருக்கிறானா?’

ஐந்தாம் படி: மரியாதை

யோ என்பதற்குப் பன்மை வினையான பின்ன வருவதை மேலே பார்த்தோம். ஒரே ஆளைப் பன்மையில் அழைத்து மரியாதை காட்டுவதைத் தமிழருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ‘பின்ன யோ ஸீக்?’ என்றால் ‘உங்களுக்கு உடம்பு சரியில்லையா?’ முன்பின் தெரியாதவரிடமும் வயதில் பெரியவரிடமும் இதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்குள் வேறு வழக்கம் உண்டு. அப்பாவை ஹைட் என்பார்கள், அம்மாவை மெம் என்பார்கள். பழைய வழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோரிடம் ‘டோ’வும் சொல்வதில்லை, ‘யோ’வும் சொல்வதில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடமே ‘இஸ் ஹைட் ஸீக்?’ என்று கேட்பார்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று அப்பாவிடமே கேட்பது. ‘அப்பா சாப்பிட்டாச்சா?’ என்று நம் வீட்டில் கேட்கும் பிள்ளைக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. இலக்கணம் மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: முன்னிலையில் உள்ளவரிடம் பேசினாலும் வினை படர்க்கையில், அதாவது இஸ் என்றுதான் வரும்.

ஆறாம் படி: இறந்தகாலம்

இக் வீய
டோ வீயஸ்ட்
ஹெய், ஸெய், அட் வீய
வெய், யிம்ம, ஸெய், யோ வீயன

பன்மையில் வீயனன் என்று இன்னொரு னகரம் சேர்த்தும் சொல்வார்கள், எழுதுவார்கள். இரண்டும் ஏற்கப்பட்டவை.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி வரும். ஆங்கிலத்தில் ஒருமைக்கு ‘வாஸ்’, பன்மைக்கு ‘வேர்’ என்று ஸகரமும் ரகரமும் மாறி மாறி வருகின்றன. ஃப்ரிசியத்தில் இரண்டுமே எங்கே போயின? பழைய ஃப்ரிசியத்தில் அவை இருந்தன: ஒருமைக்கு ‘வஸ்’, பன்மைக்கு ‘வேரன்’ போன்ற வடிவம். பழைய ஏகாரம் இன்றைய மேற்கு ஃப்ரிசியத்தில் ஈகாரத்தை ஒட்டிய இரட்டை ஒலியாக மாறுவது வழக்கம். ஆட்டைக் குறித்த பழைய ‘ஸ்கேப்’ இன்று ‘ஸ்கீயப்’ ஆகியிருக்கிறது. வேரன் என்பதன் உயிரொலியும் அதே பாதையில் போனது. பன்மையின் உயிரொலியை ஒருமையும் எடுத்துக்கொண்டது, ரகரம் உதிர்ந்தது, வீய நின்றது.

மனப்பாடம் செய்ய ஒரு நல்ல கொக்கி உண்டு. ஃப்ரிசியத்தில் மிகுதியாகப் புழங்கும் ஐந்து வினைகளின் இறந்தகாலம் ஒரே எதுகையில் வரும். இரு என்பதற்கு வீய. வைத்திரு என்பதற்கு ஹீய. செய் என்பதற்கு டீய. போ என்பதற்கு கீய. நில் என்பதற்கு ஸ்டீய. ஐந்தையும் கைவிரல்களில் எண்ணி உரக்கச் சொல்லிப் பாருங்கள். முன்னிலைக்கு ‘ஸ்ட்’, பன்மைக்கு ‘ன’ என்ற வால்களும் ஐந்துக்கும் பொது. ஒன்றைப் படித்த உழைப்பில் ஐந்து கைக்கு வந்துவிடும்.

ஏழாம் படி: வெஸ்ட், அதன் துணை

‘இருந்திருக்கிறேன்’ என்று சொல்ல இறந்தகால எச்சமாகிய வெஸ்ட் வேண்டும். டச்சோ ஜெர்மனோ தெரிந்தவர்கள் எச்சத்தின் முன்னால் ‘கெ’ போன்ற ஒரு முன்னொட்டைத் தேடுவார்கள். ஃப்ரிசியத்தில் அது கிடையாது. ஆங்கிலத்தைப் போலவே முன்னொட்டு இல்லாமல் மொட்டையாக வரும்.

வெஸ்ட் தனியாக நிற்காது, துணைவினை வேண்டும். அந்தத் துணைவினை ஹவ்வ, அதாவது வைத்திரு என்ற வினை. அதன் நிகழ்காலம் இக் ஹா, டோ ஹஸ்ட், ஹெய் ஹட், வெய் ஹவ்வ. எனவே:

இக் ஹா டேர் வெஸ்ட். நான் அங்கே இருந்திருக்கிறேன்.
ஹெய் ஹட் ஸீக் வெஸ்ட். அவன் உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறான்.
வெய் ஹீயன டேர் வெஸ்ட். நாங்கள் அங்கே இருந்திருந்தோம்.

டச்சில் இந்த இடத்தில் துணைவினையாக வருவது ‘இரு’ என்ற வினையே. ஃப்ரிசியர் எல்லாரும் டச்சும் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடம், அலுவலகம், தொலைக்காட்சி என்று எல்லாத் திசையிலிருந்தும் டச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அதனால் ‘இக் பின் வெஸ்ட்’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். புரியாமல் போகாது. ஆனால் ‘ஹா வெஸ்ட்’ என்பதுதான் ஃப்ரிசிய மரபு. படிக்கிறவர் மரபைப் படிப்பதே முறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பெரிய மொழியின் நிழலில் வாழும் மொழி இப்படிச் சின்னச் சின்ன மூலைகளில்தான் தேயத் தொடங்குகிறது.

அந்த நிழலோடு ஃப்ரிசியர்கள் மல்லுக்கட்டியது வெறும் இலக்கணத்தில் மட்டும் இல்லை. 1951 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை, லியோவட் நீதிமன்றத்துக்கு முன்னால் கூட்டம் கூடியது. நீதிமன்றத்தில் ஃப்ரிசியம் பேச விடாத நீதிபதியைக் கண்டித்து எழுதிய பத்திரிகையாளரும் கவிஞருமான ஃபெட்ட ஸ்கூரர் மீது அன்று வழக்கு. காவலர்கள் தடியாலும் தண்ணீர் பீய்ச்சியும் கூட்டத்தைக் கலைத்தார்கள். அந்த நாளுக்கு ‘தடி வெள்ளி’ என்று பொருள்படும் க்னெப்பல்ஃப்ரேட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1956இல் நீதிமன்றத்தில் ஃப்ரிசியம் பேச அனுமதிக்கும் சட்டம் வந்தது. 1980இலிருந்து மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகளில் ஃப்ரிசியம் கட்டாயப் பாடம்.

வேஸ தனக்குத் துணையாக ஹவ்வவைக் கூப்பிடுகிறது. ஆனால் இடம்பெயர்தல், நிலைமாறுதல் குறித்த வேறு வினைகளுக்குத் தானே துணையாகப் போகிறது. ‘ஹெய் இஸ் கொம்மன்’ என்றால் வந்திருக்கிறான். ‘ஹெய் இஸ் கீயன்’ என்றால் போய்விட்டான். நம் ‘வந்திருக்கிறான்’ என்பதற்குள்ளும் ‘இரு’ துணையாக இருப்பதைக் கவனியுங்கள். ஒரு வேலை நடந்துகொண்டிருப்பதைச் சொல்லவும் வேஸ உதவும்: ‘ஹெய் இஸ் ஓன் அட் லேஸன்’, அவன் படித்துக்கொண்டிருக்கிறான்.

எட்டாம் படி: இரண்டு ‘இருக்க’

ஃப்ரிசியத்தில் ‘இருக்க’ என்பதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. வேஸ ஒன்று, வேஸன் இன்னொன்று. வேண்டும், முடியும், போகிறேன் போன்ற பொருள் தரும் துணைவினைகளோடு வேஸ வரும். ‘டெ’ என்ற இடைச்சொல்லுக்குப் பின்னால் வேஸன் வரும்.

இக் ஸில் ட்யூஸ் வேஸ. நான் வீட்டில் இருப்பேன்.
இக் ஹோப்ய ட்யூஸ் டெ வேஸன். வீட்டில் இருப்பேன் என்று நம்புகிறேன்.

டெ கண்ணில் பட்டால் னகரம் சேர். இந்த ஒரு விதி மற்ற பெரும்பாலான வினைகளுக்கும் செல்லும். ‘அட்’ என்ற சுட்டோடு வேஸனைச் சேர்த்தால் பெயர்ச்சொல்லாகி ‘உள்ளியல்பு’ என்ற பொருளும் வரும்.

ஏவலுக்கு வேஸ். ‘வேஸ் ஸ்டில்!’ என்றால் ‘அமைதியாக இரு!’ ‘வேஸ் நெட் பாங்’ என்றால் ‘பயப்படாதே’.

ஒன்பதாம் படி: தமிழருக்குக் கிடைத்த வரம்

இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் வரும் வாக்கியத்தில் வினைகள் எல்லாம் கடைசிக்குப் போய்விடும். டச்சிலும் போகும்தான், ஆனால் அங்கே வினைகளின் வரிசை பெரும்பாலும் தலைகீழாக, ‘வேண்டும் இருக்க’ என்று நிற்கும். ஃப்ரிசியத்தில் துணைவினை கடைசியில் வரும்:

டொட் அட் ஸா வேஸ ம்வட்.

சொல்லுக்குச் சொல் போட்டுப் பாருங்கள். அட், அது. ஸா, அப்படி. வேஸ, இருக்க. ம்வட், வேண்டும். ‘அது அப்படி இருக்க வேண்டும்’ என்ற தமிழ் வரிசை அப்படியே வந்துவிடுகிறது, டொட் என்ற இணைப்புச் சொல் மட்டும் நம் ‘என்று’ போலக் கடைசியில் நிற்காமல் முன்னால் நிற்கிறது. ‘டொட் எர் ஸீக் வெஸ்ட் ஹட்’ என்பதிலும் இதே ஒழுங்குதான், எச்சம் முன்னால், துணைவினை பின்னால். டச்சுக்காரர்கள் ஃப்ரிசியம் படிக்கும்போது தடுமாறும் இந்த இடத்தில் நாம் தமிழில் யோசித்தாலே போதும்.

கடைசிப் படி: நீங்களே சொல்லிப் பாருங்கள்

எழுதுவதைவிட உரக்கச் சொல்வது நல்லது. முதலில் எளியது: ‘நாங்கள் வீட்டில் இருந்தோம்.’ வெய் வீயன ட்யூஸ்.

அடுத்து மறுப்பு: ‘நான் அங்கே இருந்ததில்லை.’ இக் ஹா டேர் நெட் வெஸ்ட். வாயில் பின் வந்தால் நிறுத்திவிட்டு ஏழாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்தது சற்று நீளம்: ‘உனக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டில்தான் இருக்க வேண்டும்.’ அஸ்ட் ஸீக் பிஸ்ட், ம்வட்ஸ்ட் ட்யூஸ் வேஸ. இதில் ‘ஸ்ட்’ மூன்று இடத்தில் இருக்கிறது, டோ ஒரு இடத்திலும் இல்லை. டெ இல்லாததால் வேஸவுக்கு னகரமும் இல்லை.

கடைசியாக, சில நாள் ஊரில் இல்லாமல் திரும்பி வந்த பிள்ளை, முகம் வாடி உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததா?’ டோவா, யோவா? பின்னா, ஹவ்வவா? விடையைப் பார்க்காமல் ஒருமுறை யோசியுங்கள்.

ஹட் ஹைட் ஸீக் வெஸ்ட்?